அரசுக் கட்டட வேலைக்கு ஒப்பந்ததாரரை எப்படித் தேர்வு செய்கிறார்கள்? முதல் டெண்டர் போடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு டெண்டர் என்றாலே "யார் விலை குறைவோ அவருக்குத்தான் வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் விலை உறையைத் திறக்கிற கடைசிக் கட்டத்துக்குத்தான் அது பொருந்தும். புதிதாக வருகிறவர்களில் பலர் விலையில் தோற்பதே இல்லை. அவர்களுடைய விலையை யாரும் பார்ப்பதற்கு முன்பே வெளியேறிவிடுகிறார்கள். ஒரு சான்றிதழ் இல்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போனது, பழைய வேலையின் மதிப்பு போதவில்லை என்று காரணங்கள் சின்னதாகத்தான் இருக்கும். அதனால் இங்கே விலையைவிடத் தகுதியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, 2021இல் தனித் துறையான நீர்வளத் துறை, உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் வேலைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மத்திய அரசு வேலைகள் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எந்தச் சட்டம், யார் யார்

இங்கே அடிப்படை தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் விதிகள் 2000இல் வந்தன. கர்நாடகம் இதே போன்ற சட்டத்தை 1999இல் கொண்டுவந்தது. மத்திய அரசுக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், நிதி அமைச்சகத்தின் கையேடுகள், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் சுற்றறிக்கைகள் ஆகியவற்றை வைத்துத்தான் அங்கே வேலை நடக்கிறது.

நம் சட்டத்தில் இரண்டு பொறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். டெண்டரை அழைப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். தொகையைப் பொறுத்து அழைப்பவர் செயற்பொறியாளராகவோ கண்காணிப்புப் பொறியாளராகவோ இருக்கலாம். பெரிய வேலைகளில் வந்த டெண்டர்களை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க ஒரு பரிசீலனைக் குழுவும் இருக்கும். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் அழைத்தவரிடம், எழுத்தில். அலுவலகத்தில் தெரிந்த ஒருவர் "அதெல்லாம் பரவாயில்லை சார், போடுங்க" என்று வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

டெண்டருக்கு முன்னால் நடப்பது

ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறைக் கட்டடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துறை முதலில் எஸ்டிமேட் போடும். மண் வேலை, கான்கிரீட், கம்பி, செங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஆண்டின் விலை விகிதப் பட்டியலில் ஒரு விலை இருக்கும். ஜல்லியும் எம்-சாண்டும் எத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து வர வேண்டும் என்பதற்கு 'லீட்' கணக்கு தனி. இதற்கு நிர்வாக ஒப்புதலும் பிறகு தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைத்த பின்புதான் டெண்டர் அறிவிப்பு வரும்.

இது உங்களுக்கு ஏன் தெரிய வேண்டும் என்றால், அறிவிப்பில் இருக்கும் மதிப்பு இந்தப் பட்டியலிலிருந்து வந்தது. இன்றைய சந்தை விலையிலிருந்து வந்ததில்லை. பட்டியல் வெளியான பிறகு கம்பி விலை ஏறியிருந்தால், மதிப்புக்குச் சமமாகப் போட்டாலும் கையை விட்டுக் கொடுக்க நேரும். அதே போல, எஸ்டிமேட்டில் கணக்கிட்ட குவாரியைவிட உங்களுக்குத் தெரிந்த குவாரி பக்கத்தில் இருந்தால், அடுத்தவருக்கு இல்லாத லாபம் உங்களுக்கு அங்கே இருக்கிறது.

பதிவு

பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரர்களை முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிரித்துப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் இவ்வளவு ரூபாய் வரையிலான வேலை என்று உச்சவரம்பு உண்டு. முதல் வகுப்புதான் மேல்தட்டு. வரம்புத் தொகையை அரசு அவ்வப்போது மாற்றுவதால், பழைய அரசாணையின் நகலை நம்பாமல் துறையின் வட்ட அலுவலகத்தில், அதாவது கண்காணிப்புப் பொறியாளர் அலுவலகத்தில், நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் பதிவு தனித்தனி. ஓரிடத்தில் பதிந்தால் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். சில டெண்டர்கள் பிற துறைப் பதிவையும் ஏற்கும், சில ஏற்காது. எது என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கும்.

பான் எண், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரித் தாக்கல் நகல்கள், தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்று, முன் செய்த வேலைகளுக்கான சான்று ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். இவற்றில் நேரம் பிடிப்பது சொத்து மதிப்புச் சான்றுதான். டெண்டர் வந்த பிறகு அதற்கு ஓடினால் கிடைக்காது, இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

தளமும் டோக்கனும்

இப்போது டெண்டர்கள் 'டிஎன்டெண்டர்ஸ்' இணையதளத்தில் வருகின்றன. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய அமைப்பு அது. மத்திய அரசின் மின்-கொள்முதல் தளமும் அதே சட்டகத்தில்தான் ஓடுகிறது, எனவே ஒன்றைப் பழகினால் மற்றது சுலபம். இதற்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை 2021 தொடக்கத்திலிருந்து வழங்குவதில்லை. சான்றிதழ் ஒரு யுஎஸ்பி டோக்கனில் வரும்; வாங்கும்போது கையொப்பத்துக்கு ஒன்று, மறையாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) ஒன்று என இரண்டும் உள்ள டோக்கனாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்த டோக்கன் உங்கள் கையெழுத்துக்குச் சமம். பிரவுசிங் சென்டர்காரரிடமோ கன்சல்டண்டிடமோ பின் எண்ணோடு விட்டுவைக்கிற பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. சௌகரியம்தான். ஆனால் அதே கடையில் உங்கள் போட்டியாளரும் டெண்டர் போட்டால், இரண்டும் ஒரே ஐபி முகவரியிலிருந்து போகும். நாளைக்குத் தணிக்கையில் "நீங்கள் இருவரும் பேசிவைத்துப் போட்டீர்களா?" என்ற கேள்வி வந்தால் பதில் சொல்வது கஷ்டம். பேசிவைத்துக்கொண்டு விலை போடுவதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. 'சிண்டிகேட்' என்று தொழிலில் சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதேதான்.

அறிவிப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

எல்லோரும் முதலில் வேலையின் பெயரையும் தொகையையும் பார்ப்பார்கள். அதை விட்டுவிட்டு, தகுதி நிபந்தனைப் பக்கத்துக்கு நேராகப் போங்கள். அதில் தேறவில்லை என்றால் மீதி நூறு பக்கத்தைப் படிப்பது வீண்.

அப்புறம் தேதிகள். மாநில விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் அழைப்பவருக்கு மேலுள்ள அதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். ஏழு நாளில் முடிகிற 'குறுகிய கால டெண்டர்' கண்ணில் பட்டால், ஏன் இந்த அவசரம் என்று ஒரு கணம் யோசியுங்கள். மழை வெள்ளத்தில் உடைந்த பாலமாக இருந்தால் காரணம் புரிகிறது. சமுதாயக் கூடத்துக்கு என்ன அவசரம்?

டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை, தொழிலில் இ.எம்.டி. என்பார்கள், எவ்வளவு, எந்த வடிவத்தில் என்று பாருங்கள். வரைவோலையா, வங்கி உத்தரவாதமா, இணையவழிச் செலுத்தலா, யார் பெயரில் என்பதெல்லாம் சொன்னபடியே இருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருப்பவர்கள் "எனக்கு இ.எம்.டி. விலக்கு உண்டு" என்று நம்பிப் பணம் கட்டாமல் விடுவதைப் பார்க்கலாம். அந்த விலக்குக்கு அடிப்படையான மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு கொள்முதல் கொள்கை பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமான ஒப்பந்தங்கள் அதில் சேராது. டெண்டர் ஆவணத்தில் விலக்கு என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, கட்டிவிடுங்கள்.

டெண்டர் போடுவதற்கு முன் துறை நடத்தும் 'ஏலத்துக்கு முந்தைய கூட்டம்' இருந்தால் போங்கள். அங்கே எழுப்பப்படும் கேள்விகளுக்குப் பதிலாகத் திருத்த அறிவிப்பு வரும். அந்தத் திருத்தம் தளத்தில் ஏறும், உங்களுக்குத் தொலைபேசியில் யாரும் சொல்லமாட்டார்கள். கடைசி நாளுக்கு முந்தைய மாலை மறுபடி ஒரு முறை தளத்தைப் பாருங்கள்.

தகுதி: உண்மையான தேர்வு நடக்கும் இடம்

பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு உறை முறைதான். முதல் உறையில் தகுதி ஆவணங்கள், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவருடைய இரண்டாம் உறையை மட்டுமே திறப்பார்கள்.

'இதே போன்ற வேலை' செய்த அனுபவம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002இல் சொன்ன அளவுகோலை இன்றும் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி கடந்த ஏழு ஆண்டுகளில், மதிப்பில் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்று வேலைகள், அல்லது 50 சதவீதத்துக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாத ஒன்று முடித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல் மதிப்பில் 30 சதவீதமாவது வேண்டும். ஒரு கோடி ரூபாய் வேலை என்றால், தலா 40 லட்சத்தில் மூன்று, அல்லது தலா 50 லட்சத்தில் இரண்டு, அல்லது 80 லட்சத்தில் ஒன்று. சராசரி விற்றுமுதல் 30 லட்சம். மாநில டெண்டர்களில் சதவீதம் மாறலாம், கேட்கிற விதம் இதுதான்.

இதில் 'முடித்த' என்ற நிபந்தனையில்தான் பலர் மாட்டுகிறார்கள். தொண்ணூறு சதவீதம் முடிந்து நிற்கிற வேலை கணக்கில் வராது என்று ஆவணம் சொன்னால் வராதுதான். தனியார் வீடுகள் கட்டிய அனுபவத்தைச் சில இடங்களில் ஏற்பார்கள், அதுவும் பிடித்தம் செய்த வரிக்கான சான்று இருந்தால். துணை ஒப்பந்தமாகச் செய்த வேலை, உங்கள் பெயரில் சான்று இல்லாத வரை, காகிதத்தில் உங்கள் வேலையே இல்லை. ஆகவே இன்றைக்கு ஒரு சின்ன வேலையை முடித்தால் அன்றைக்கே செயற்பொறியாளரிடம் தொகை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வேலையின் தன்மை எல்லாம் எழுதிய நிறைவுச் சான்றை வாங்கி வையுங்கள். அதிகாரி மாறுதலாகிப் போன பிறகு அதை வாங்குவது தனி அலைச்சல்.

அடுத்தது 'ஏலத் திறன்'. கையில் இருக்கும் வேலைகளோடு இதையும் உங்களால் தாங்க முடியுமா என்று பார்க்கும் கணக்கு. கடந்த ஐந்தாண்டுகளில் எந்த ஓர் ஆண்டில் அதிகபட்சமாக வேலை செய்தீர்களோ அந்தத் தொகையை, புது வேலைக்கான ஆண்டுகளால் பெருக்கி, பிறகு இரண்டால் பெருக்கி, அந்தக் காலத்தில் முடிக்க வேண்டிய கைவேலைகளின் மிச்சத் தொகையைக் கழிக்க வேண்டும். இரண்டு என்பது இடத்துக்கு இடம் ஒன்றரையாகவோ இரண்டரையாகவோ மாறும். உதாரணமாக அதிகபட்ச ஆண்டு 1.5 கோடி, புது வேலைக்கு ஓர் ஆண்டு, கையில் 1.2 கோடி பாக்கி: 3 கோடியில் 1.2 போனால் 1.8 கோடி. டெண்டர் 2 கோடி என்றால் நீங்கள் வெளியே. கைவேலைப் பட்டியலில் ஒன்றிரண்டை மறைத்துவிடலாம் என்று தோன்றும். துறைகளின் ஒப்பந்த விவரங்கள் எல்லாம் இணையத்தில் கிடக்கிற காலம் இது; மாட்டினால் டெண்டர் மட்டும் போகாது, கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறும்.

இயந்திரங்கள், பொறியாளர்கள், வழக்குகள் பற்றிய உறுதிமொழிகள் மீதி. படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாமல், இல்லை என்றால் 'இல்லை' என்று எழுதுங்கள்.

நிபந்தனையே ஒருவருக்காகத் தைக்கப்பட்டிருந்தால்? அப்படியும் நடக்கிறது. ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்கு, குறிப்பிட்ட தூரத்துக்குள் சொந்தமாகக் கலவை ஆலை வேண்டும் என்று கேட்டால், அது எத்தனை பேரை உள்ளே விடும் என்று எண்ணிப்பார்த்தாலே தெரிந்துவிடும். ஆட்சேபத்தை ஏலத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கொடுங்கள். பங்கெடுத்துத் தோற்ற பிறகு "நிபந்தனையே தவறு" என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. மறுபக்கம், ஒருமுறை விதித்த தகுதி நிபந்தனையை அதிகாரிகள் ஒருவருக்காகத் தளர்த்தவும் முடியாது. பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துவதற்கான டெண்டர் தொடர்பான ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979இல் இதைத் தெளிவாக்கியது. அற்ப விஷயங்களுக்குச் சற்று இடம் உண்டு. 1991இல் போத்தார் ஸ்டீல் வழக்கில், ஸ்டேட் வங்கி வரைவோலைக்குப் பதிலாக யூனியன் வங்கியின் காசோலையில் முன்வைப்புத் தொகை கட்டியதை நீதிமன்றம் பெரிய குறையாகக் கொள்ளவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய் நிரூபிப்பதைவிட, சரியான வங்கியில் வரைவோலை எடுப்பது மலிவு.

விலை

விலைப் பட்டியல் எக்செல் கோப்பாகத் தளத்தில் கிடைக்கும். அதன் பெயரை மாற்றாதீர்கள், வரிசைகளைக் கூட்டாதீர்கள், நிரப்பச் சொன்ன கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். பெயர் மாறினால் தளம் கோப்பையே ஏற்காது.

சில டெண்டரில் ஒவ்வொரு இனத்துக்கும் விலை எழுத வேண்டும். சிலவற்றில் துறை மதிப்பைவிட இத்தனை சதவீதம் கூட அல்லது குறைவு என்று ஒரே எண். எதுவானாலும், பில்லில் பிடித்தம் ஆகும் தொகைகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1, நிறுவனத்துக்கு 2 சதவீதம். ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம். மணல், ஜல்லிக்கு முறையான ரசீது காட்டாவிட்டால் கனிம உரிமத்தொகை. பிறகு குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது வேலை முடிந்த பின் தெரியும் குறைகளை நீங்களே சரிசெய்ய வேண்டிய காலம், முடியும் வரை துறை நிறுத்திவைக்கும் தொகை. வரிப் பிடித்தங்கள் பின்னால் கணக்கில் சேரும், ஆனால் வேலை நடக்கும்போது கையில் இருக்காது. அரசு வேலைகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நீங்கள் எழுதும் விலை அதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை ஆவணத்தில் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பில் தாமதமாகும். இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அளவைப் புத்தகத்தில், நாம் எம்-புக் என்பது, அளவு ஏறி, மேலதிகாரி சரிபார்த்து, நிதி ஒதுக்கீடு வந்த பிறகுதான் பணம். அந்த மாதங்களுக்கான வட்டியைச் சேர்க்காமல் போட்ட விலை, விலையே இல்லை.

ரொம்பவும் குறைத்துப் போட்டால் கூடுதல் பிணைத் தொகை கட்டச் சொல்வார்கள். எவ்வளவு குறைந்தால் எவ்வளவு என்று ஆவணத்தில் இருக்கும். முதல் வேலையை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று முப்பது சதவீதம் குறைத்துப் போடுகிற இளைஞர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிணைத் தொகையிலும் பணம் முடங்கி, சைட்டிலும் பணம் போய், கடைசியில் கம்பியில் கை வைக்கத் தோன்றும். அந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்.

சமர்ப்பித்தல்

கடைசி மணி நேரத்துக்கு விடாதீர்கள். தளத்தின் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் கைபேசியின் நேரம் கிடையாது. எல்லாக் கோப்புகளையும் ஏற்றிய பிறகு டெண்டரை 'ஃப்ரீஸ்' செய்யும் பொத்தானை அழுத்த வேண்டும். கோப்பு ஏறிவிட்டது என்ற நிம்மதியில் அதை மறப்பவர்கள் உண்டு. அது டெண்டர் போட்டதாகவே ஆகாது. ஒப்புகைச் சீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். கெடு முடியும் வரை திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம்.

திறந்த பிறகு

உங்கள் விலை மறையாக்கம் செய்யப்பட்டே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட அதிகாரிகள் தங்கள் டோக்கன்களைப் போட்டால்தான் திறக்கும். தகுதி உறை முடிவு வந்து, பிறகு விலை திறந்து, குறைந்த விலைக்காரர் யார் என்று தெரியும். அவரைத்தான் எல்1 என்கிறார்கள். அவர் விலையும் விலை விகிதப் பட்டியலையோ சந்தை விலையையோ விட அதிகமாகத் தெரிந்தால், குறைக்கச் சொல்லி அவரிடம் மட்டும் பேசலாம். இரண்டாவது வந்தவரைக் கூப்பிட்டு "நீங்கள் இன்னும் குறைப்பீர்களா" என்று கேட்க முடியாது. எல்1 பின்வாங்கினால் அவருடைய முன்வைப்புத் தொகை பறிபோகும். மறு டெண்டர் போடச் சொல்கிறது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. இரண்டாவது வந்தவருக்கு வேலை தானாக இறங்கி வராது.

குறைந்த விலை ஒன்றையே பார்த்தால் தரம் என்னாவது என்ற கேள்வி பழையது. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் சில வகைக் கட்டுமானங்களுக்குத் தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்க அனுமதித்தது, அதிகபட்சம் 30 சதவீதம். நல்ல யோசனைதான். மதிப்பெண் போடுகிறவர் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சின்ன வேலைகளில் நீங்கள் இதைச் சந்திக்கப்போவதில்லை.

வேலை கிடைத்தால் ஏற்புக் கடிதம் வரும். குறிப்பிட்ட நாளுக்குள் பிணைத் தொகை கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இடத்தை ஒப்படைத்த தேதியை எழுத்தில் வாங்குங்கள். கெடு அங்கிருந்துதான் ஓடும்.

கிடைக்காவிட்டால், யாருக்குப் போனது, மற்றவர்களை ஏன் நிராகரித்தார்கள் என்ற விவரம் ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அதைத் தேடிப் படியுங்கள், அடுத்த டெண்டருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அநியாயம் என்று தோன்றினால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு உயர் நீதிமன்றம். ஆனால் 1994இல் டாடா செல்லுலார் வழக்கு முதல் நீதிமன்றங்கள் சொல்லிவருவது, முடிவெடுத்த முறை சரியா என்று பார்ப்போம், முடிவையே நாங்கள் எடுக்கமாட்டோம் என்பதுதான். "என் விலை நியாயம்" என்ற வாதம் அங்கே நிற்காது. "இந்த நிபந்தனையை அவருக்கு மட்டும் தளர்த்தினார்கள்" என்றால், ஆவணத்தோடு போனால், நிற்கும். 10 நாள் எண்ணிக்கை உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து தொடங்குவதால், தபால் உறையையும் மின்னஞ்சலையும் தேதி தெரிகிறபடி எடுத்துவையுங்கள்.